புல்லு ஆடுனதுக்கும் ஒரு டிக்

டிரெயில் கேமரான்னா மரத்துல கட்டி வச்சா குறுக்க போற மிருகத்தத் தானா படம் எடுக்குற கேமரா. அதச் சொன்னதும் எங்க பக்கம் எல்லாருக்கும் ஒரே கேள்விதான், "புலி விழுந்துச்சா?" சிறுத்தையத்தான் இங்க அப்புடிச் சொல்லுவாங்க. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் இதுதான், பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்த டீச்சர் கேட்டாலும் இதுதான். விழுந்துச்சுங்க, விழாம இல்ல. ஆனா அந்த ஒரு படத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் எத்தன புல்லு, எத்தன மூடுபனி, எத்தன நாயி, அதையெல்லாம் யாராச்சும் உக்காந்து பாத்து "இதுல ஒண்ணுமில்ல", "இது நாயி", "இதுவும் அதே நாயி"ன்னு அமுக்கணும்ல, அந்த வேலையப் பத்தித்தான் எழுதப்போறேன். சிறுத்தைக் கதைக்காக வந்தவங்க கொஞ்சம் பொறுங்க, நடுவுல வரும்.

கேமரா எப்புடி வேல செய்யுதுன்னு மொதல்ல சொல்லிர்றேன், ஏன்னா நெறைய பேர் அது சிசிடிவி மாதிரி எந்நேரமும் ஓடிக்கிட்டு இருக்கும்னு நெனைக்கிறாங்க. அப்புடி இல்ல. அது தூங்கிக்கிட்டுதான் இருக்கும். உள்ளுக்க சூட்டப் பாக்குற ஒரு சென்சார், சுத்துப்புறத்து சூட்டுக்கும் குறுக்க போற உடம்பு சூட்டுக்கும் வித்தியாசம் இருந்து அந்த வித்தியாசம் நகந்துச்சுன்னா கேமரா முழிச்சு படக் படக்னு மூணு படம் எடுத்துரும். நம்ம இலங்கை மலைநாட்டு நுவரெலியா 1,868 மீட்டர் ஒசரம், ராத்திரி குளுருல ஒரு மொசல் போனாக்கூட சென்சாருக்கு நல்லா தெரியும், அதே கேமராவ கீழ வெக்கையான எடத்துல மத்தியானத்துல வச்சா உடம்பு சூடும் காத்து சூடும் கிட்டக்கிட்ட வந்துரும், மிருகம் முன்னாடி நடந்தாக்கூட சில நேரம் அசையாது. இங்க நமக்கு அந்தப் பிரச்சன இல்ல, வேற பிரச்சன. காலையில பனி வெலகி சுள்ளுனு ஒரு வெயில் அடிக்கும் பாருங்க, அதுல மானாப்புல்லு சூடாகி காத்துல ஆடுனா கேமராவுக்கு அதுவும் மிருகம்தான். ஒரு காலையிலயே நூத்துக்கணக்குல புல்லு. ராத்திரின்னா இன்ஃப்ராரெட் லைட்டுல கறுப்பு வெள்ளையா எடுக்கும், மிஸ்ட் எறங்குன நாள்ல அந்த லைட்டு மிஸ்ட்லயே பட்டுத் திரும்பி படம் முழுக்க வெள்ள. அந்த வெள்ளைக்கு நடுவுல ரெண்டு கண்ணு மட்டும் மின்னும், இது என்னான்னு சொல்லுன்னா என்னத்தச் சொல்றது.

நான் இந்த வேலையில எறங்குனது நம்ம மலையிலருந்து இல்ல, சிக்காகோவுலருந்து. அங்க லிங்கன் பார்க் மிருகக்காட்சிசாலைக்காரங்க நகரத்துப் பார்க்கு, மயானம், கோல்ஃப் மைதானம், ஊர் ஓரத்துக் காடுன்னு நூத்துக்கும் மேல எடத்துல கேமரா கட்டி வருசத்துக்கு நாலு தடவ, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒருக்கா, படம் எடுக்குறாங்க. படம் குமிஞ்சு போச்சு, பாக்குறதுக்கு ஆள் இல்ல. அதனால 2014ல, பொதுமக்கள் ஆராய்ச்சிக்கு ஒத்தாசை செய்ற ஸூனிவர்ஸ் இணையதளத்துல சிக்காகோ வைல்ட்லைஃப் வாட்ச்னு போட்டு யாரு வேணும்னாலும் வந்து அடையாளம் சொல்லலாம்னு தொறந்து விட்டாங்க. ஒங்க டிகிரி என்னா, ஊரு எதுன்னு யாரும் கேக்கமாட்டாங்க. ஒரு படம் வரும், பக்கத்துல மிருகப் பட்டியல் வரும், ஒத்துப்போறதத் தெரிவு செஞ்சுட்டு எத்தனன்னு போட்டா அடுத்த படம். ஆபீஸ் விட்டு வந்து ரொட்டி சுட்டு முடிச்சு கால நீட்டி உக்காந்து ஃபோன்ல சிக்காகோவுல ஸ்னோவுல நடந்து போற ரக்கூன எண்ணிக்கிட்டு இருப்பேன். அம்மா ஒரு நாள் எட்டிப் பாத்துட்டு, "யாரு வூட்டு நாயிடி இது, வாலு இவ்வளவு சடையா இருக்கு"ன்னு கேட்டாங்க. அது கயோட்டி. நரிக்கும் ஓநாய்க்கும் சொந்தக்காரன், சிக்காகோ நடு ஊர்லயே குடும்பத்தோட இருக்கு, 2000லருந்து அதுகளுக்குக் கழுத்துல ரேடியோ பட்டி கட்டி ஆராய்ச்சி பண்றாங்க. அம்மாவுக்கு நம்பிக்கை வரல. அவ்வளவு பெரிய டவுன்ல நரி எங்கிட்டு ஒளியும்னு கேட்டாங்க. "இங்க சிறுத்தை எங்கிட்டு ஒளியுது, தேயிலைக்குள்ளதானே"ன்னேன், அதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லல, ஆனா அன்னையிலருந்து பக்கத்துல வந்து உக்காந்துக்குவாங்க.

ஒரு ஆளு சொல்ற பதில வச்சு அவங்க எதையும் முடிவு பண்றதில்ல, இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம். ஒரே படம் பல பேருக்குப் போகும். இதுல பேரு வாங்குனது டான்சானியாவுல ஸ்னாப்ஷாட் செரங்கெட்டி, அங்க 225 கேமரா, 28,000க்கும் மேல ஆளுங்க, 1 கோடியே 8 லட்சம் தடவ அடையாளம் சொல்லிருக்காங்க. அவங்க வச்சிருந்த கணக்கு இப்புடி: மொதல் அஞ்சு பேரும் தொடந்து ஒண்ணுமில்லன்னா அந்தப் படத்த எடுத்துருவாங்க, பத்து பேரு ஒரே மிருகத்தச் சொன்னா முடிஞ்சுது, ஒத்தே வரலன்னா 25 பேரு வரைக்கும் காட்டுவாங்க. இப்புடிச் சேத்து வந்த பதில நிபுணர்கள் பாத்த பதிலோட ஒப்பிட்டா நூத்துக்கு 96க்கு மேல சரி. தேயிலக் கொழுந்து நிறுவையில ஒருத்தர் கண்ணு மட்டும் தராசப் பாத்தா என்னா நடக்கும், சுத்தி நின்னு பத்து பேரு பாத்தா என்னா நடக்கும்னு நம்மளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்ல.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சித்தப்பா மகன் தம்பி கெம்பஸ்ல விலங்கியல் படிக்கிறான். அவங்க டிபார்ட்மென்ட்ல ஒரு ஆராய்ச்சிக்காக முறையா அனுமதி வாங்கி, டவுனுக்கும் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவுல கொஞ்ச எடத்துல கேமரா கட்டுனாங்க. எடம் எதுன்னு சொல்லமாட்டேன், ஏன்னு பின்னாடி வெளங்கும். டவுன் குப்ப கொட்டுற எடத்துக்குப் பின்பக்கம் ஒண்ணு, ஆத்தோரம் ஒண்ணு, தேயில முடிஞ்சு காடு தொடங்குற ஓரத்துல சிலது, கைவிட்ட தேயில மலை ஒண்ணுல சிலது. முழங்கால் ஒசரத்துல மரத்தோட சேத்து பெல்ட் போட்டு கட்டணும், சூரியன் நேரா அடிக்காத பக்கமா பாத்து வைக்கணும், முன்னாடி இருக்கிற புல்ல வெட்டணும், உள்ளுக்க ஈரம் ஏறாம சிலிக்கா பொட்டலம் போடணும். அட்டை கடிக்குறது தனிக் கணக்கு, உப்பும் சவக்காரமும் கொண்டுபோனாலும் சாக்ஸுக்குள்ள ரெண்டு இருக்கும்.

கார்டுல வந்த படத்தப் பாக்க ஆள் இல்லன்னு அவன் பொலம்புனப்ப நான்தான் சொன்னேன், சிக்காகோ மிருகத்த நான் சொல்லலாம்னா நம்ம மிருகத்த நம்ம தோட்டத்து ஆளுங்க சொல்லக்கூடாதான்னு. அவன் சார்கிட்ட கேட்டு சரின்னதும் ஒரு சின்ன கூட்டம் சேந்துச்சு: ஏஎல் எழுதிட்டு ரிசல்ட்டுக்காக நிக்கிற புள்ளைங்க, ரெண்டு டீச்சர்மார், நான், எங்கம்மா, அப்பறம் பக்கத்து லயத்துல (தோட்டத்து ஆளுங்களோட வரிசை வூடு) காவக்கார மாமா. மாமா முப்பது வருசம் தோட்டத்துல ராக்காவல் பாத்தவரு, ஸ்மார்ட்ஃபோன் அவருக்கு ஆகாது, பேத்திதான் ஃபோனப் புடிச்சுக்கிட்டு காட்டுவா, அவரு சொல்லச் சொல்ல அவ அமுக்குவா.

மாமா படத்தப் பாக்குற விதமே வேற. நாங்கெல்லாம் மூஞ்சியத் தேடுவோம். அவரு வாலையும் முதுகையும் பாப்பாரு. ஒரு படம் வந்துச்சு, கறுப்பு வெள்ள, வலது மூலையில பின்னங்காலும் வாலும் மட்டுந்தான், மீதி ஒடம்பு படத்துக்கு வெளியில போயிருச்சு. புள்ளைங்க மரநாயின்னு போட்டுட்டாங்க. மாமா வாலப் பெருசாக்கிக் காட்டச் சொன்னாரு. "வளையம் வளையமா இருக்கு பாரு, மரநாயிக்கு வாலு ஒரே கறுப்பால்ல இருக்கும். இது மரத்துல ஏறுறவன் இல்ல, தரையில திரியுறவன், புனுகுப்பூனை"ன்னாரு. அடுத்த ரெண்டு படத்துல முதுகு நெடுக கோடும் வரிசையா புள்ளியும் தெரிஞ்சுது, புனுகுப்பூனைதான். மரநாயி வேற மாதிரி, கண்ணச் சுத்தி முகமூடி போட்ட மாதிரி கறுப்பு, நீட்டு உடம்பு, வாலு அடியிலருந்து நுனி வரைக்கும் ஒரே மாதிரி. கித்துல் பழம் பழுக்குற காலத்துல பாறை மேல கொட்ட கொட்டயா போட்டுட்டுப் போயிருக்கும் பாத்திருப்பீங்க, அது இவரு வேலைதான்.

முள்ளம்பன்றி ரொம்ப லேசு. இன்ஃப்ராரெட் பட்டதும் முள்ளு பளிச்னு வெள்ளையா எரியும், உடம்பு தெரியாது, ஒரு வெளக்குமாறு நடந்து போற கணக்கா இருக்கும். காட்டுப்பன்னியும் லேசு, குட்டிங்க மேல மட்டும் கோடு இருக்கும், அதப் பாத்து அணிலான்னு கேட்ட புள்ளைங்களும் உண்டு. கேளையாடுன்னா முதுகு கொஞ்சம் வளைஞ்சு, பின்பக்கம் தூக்கலா இருக்கும். சருகுமான் மொசல் அளவுதான் ஆனா விலாவுல வெள்ளப் புள்ளியும் கோடும் இருக்கும். மரைங்கற பெரிய மான் வந்தா படத்துல காலு மட்டுந்தான் வரும், கேமரா முழங்கால் ஒசரம்ல, நாலு தூணு நின்னா மரைன்னு போட்டுரலாம்.

சண்ட வர்ற எடம் பூனைதான். இலங்கையில காட்டுல திரியுற பூனை சாதி நாலு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, அப்பறம் உலகத்துலயே ரொம்பச் சின்ன பூனைகள்ல ஒண்ணான துரும்பன் பூனை. இதோட லயத்துப் பூனையும் டவுன் பூனையும் அதே பாதையில நடக்கும். மீன்பிடிப் பூனை கொழும்புல சதுப்பு நிலத்துப் பக்கம் வீடுங்களுக்கு நடுவுலயே இருக்கு, அங்க 2013லருந்து அதுக்குன்னே ஒரு திட்டம் நடக்குது, கேமராவுலயும் கழுத்துப் பட்டியிலயும் அது எங்கெங்க போகுதுன்னு பாக்குறாங்க, யாரோ வூட்டு அலங்கார மீன் தொட்டியக்கூட அது விட்டு வைக்கலன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. அந்தப் பூனை நம்ம மலையிலயும் ஆத்தோரம் இருக்கு. தெரியாத ஆளு பாத்தா சிறுத்தைக்குட்டின்னு அலறுவாங்க. பாக்க வேண்டியது வாலுதான். கட்டையான உடம்பு, கட்டையான வாலு, உடம்பு நீளத்துல பாதிகூட வராது. சிறுத்தைக்குட்டிக்கு வாலு நீட்டு. அது மட்டுமில்ல, சிறுத்தைக்கு பூ மாதிரி வட்ட வட்டமா இருக்கும், இதுக்கு தனித்தனி புள்ளி வரிசையா ஓடும். இத நல்லா மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா "தோட்டத்துல புலிக்குட்டி"ன்னு வாட்ஸப்ல வர்ற வீடியோ எல்லாத்தையும் நம்பாம இருக்குறதுக்கு இது ஒண்ணே போதும்.

மாமாவுக்கும் தம்பிக்கும் ஒரு படத்துல இன்னும் தீரல. மங்கலான ஒரு பூனை, காது நுனி தெரியல, காலு நீட்டா இருக்கு. தம்பி காட்டுப்பூனைங்கறான். மாமா, "இது ஸ்டோரு பூனை, எலிக்காக வளத்தது, கொழுத்துப் போயி திரியுது, எனக்கு இதோட ஆத்தாளயே தெரியும்"ங்கறாரு. யாரு சரின்னு படத்துல சொல்லமுடியாது, அதுக்குத்தான் பட்டியல்ல "பூனை, எதுன்னு தெரியல"ன்னு ஒண்ணு இருக்கு. அத அமுக்குறதுக்கு மனசு வரணும். ஏஎல் புள்ளைங்களுக்கு அதுதான் கஷ்டம், பரீட்சையில விடை எழுதாம வந்த மாதிரி மூஞ்சி சுருங்கிருது.

இப்ப "ஒண்ணுமில்ல"ங்கற பட்டனுக்கு வர்றேன். புள்ளைங்க மொதல்ல புல்லு படத்தையெல்லாம் பாக்காமலே தள்ளிவிட்டுட்டு இருந்தாங்க, மிருகம் இருந்தா மட்டும் சொன்னா போதாதான்னு. போதாது. ஒரு கேமரா முப்பது ராத்திரி ஓடி நாலு ராத்திரி மட்டும் கேளையாடு வந்துச்சுன்னு வைங்க, அந்த இருபத்தாறு ராத்திரியில கேமரா நல்லா இருந்து கேளையாடு வரலியா, இல்ல பேட்டரி செத்துப் போயி கேமராவே இல்லையாங்கறது ரெண்டும் ஒண்ணா? புல்லு ஆடுன படம் இருந்தா கேமரா உசுரோட இருந்துச்சுன்னு அர்த்தம். மிருகம் இருந்தும் கேமராவுல படாம போறதுக்கு எவ்வளவு வாய்ப்புன்னு கணக்குப் போட்டுத்தான் ஆராய்ச்சிக்காரங்க "இங்க இருக்கு", "இங்க இல்ல"ன்னு சொல்லுவாங்க, அந்தக் கணக்குக்கு மிருகம் வராத ராத்திரியும் வேணும். அதுவும் போக, புல்லுன்னு தள்ளுன படத்துல மூலையில ஒரு காது இருக்கும். இத நாங்க சொல்லச் சொல்ல கேக்காதவங்க, எங்கம்மா புல்லுக்கு நடுவுல சருகுமான் ஒண்ணு அசையாம நிக்கிறதக் காட்டுனதும் அடங்கிட்டாங்க. தெனம் கொழுந்தப் பாத்துப் பாத்து ரெண்டு இலையும் மொட்டும் மட்டும் கிள்ளுற கண்ணு, பச்சைக்குள்ள பச்சையா இருந்தாலும் வேற ஒண்ணுன்னா தெரியுது.

படத்துக்கு அடியில நேரம் இருக்கும், அதப் பாக்குறதும் ஒரு சொவாரசியம். கொழுந்து மலையில ஆளுங்க இருக்கிற நேரம் முழுக்க வெறும் நாயும் மனுசனும், பின்னேரம் எல்லாரும் எறங்குனதும் கொஞ்சம் கொஞ்சமா பன்னி, அப்பறம் முள்ளம்பன்றி. மனுசன் நடமாட்டம் கூடுன எடத்துல பாலூட்டிங்க ராத்திரிக்கு மாறிருதுன்னு 2018ல சயன்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, உலகம் முழுக்க 76 ஆய்வுலருந்து 62 வகை மிருகத்தச் சேத்துப் பாத்தது. நம்ம மாமா முப்பது வருசமா சொல்றது இதத்தான், "பகல் நமக்கு, ராவு அதுகளுக்கு"ன்னு. யாரும் எழுதி வாங்கல, அவ்வளவுதான்.

2021ல இன்னொரு ஆய்வு, வட அமெரிக்காவுல 20 நகரத்துக் கேமராப் படங்கள வச்சு, காசுக்காரங்க இருக்கிற பக்கம் மிருக வகை கூடவான்னு பாத்தாங்க. ஏறக்குறைய பாதி ஊர்ல ஆமா, மீதியில அப்புடி இல்ல, ஆனா கட்டடம் நெருங்க நெருங்க வகை கொறையுதுங்கறது பெரும்பாலான ஊருக்குப் பொருந்துச்சு. நம்ம மலையில இந்தக் கேள்விய வேற மாதிரிதான் கேக்கணும். காட்டுக்கு ஒட்டுனாப்புல இருக்கிறது லயம். கக்கூஸுக்கு ராத்திரி வெளிய போகணும்னா இருட்டுல போறது லயத்துப் பொம்பளைங்க. மிருகத்தோட பக்கத்துல வாழ்றது இங்க ஆடம்பரம் இல்ல, வேற எடம் கெடைக்காததால வந்தது. அதனாலதான் ஏசி ரூம்ல உக்காந்து "மனுசனும் சிறுத்தையும் ஒத்துமையா வாழணும்"னு யாராச்சும் சொன்னா எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

சிறுத்தை. சரி சொல்றேன். கைவிட்ட தேயில மலையில, விடியக்காலையில, எதுத்தாப்புல எதுத்தாப்புல கட்டுன ரெண்டு கேமராவுலயும் விழுந்துச்சு. ரெண்டு கேமரா எதுக்குன்னா, சிறுத்தைக்கு வலது பக்கத்துப் புள்ளி ஒரு மாதிரி, எடது பக்கத்துப் புள்ளி வேற மாதிரி, ஒவ்வொண்ணுக்கும் கைரேகை கணக்கா தனித்தனி. ஒரு பக்கம் மட்டும் எடுத்தா, நாளைக்கு இன்னொரு பக்கம் வந்தா அதே ஆளான்னு தெரியாது. எங்க குரூப்ல அந்தப் படம் வந்த ராத்திரி யாரும் தூங்கல. ஸ்டேட்டஸ்ல போடக்கூடாதுன்னு மொதல்லயே பேசி வச்சிருந்தோம், போடல. எடம் தெரிஞ்சா வேடிக்கை பாக்க வர்றவன் வருவான், சுருக்குக் கட்டுறவனும் வருவான்.

சுருக்கப் பத்தி தோட்டத்து ஆளுங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்ல. பைக் பிரேக் கேபிள்ல பன்னிக்குன்னு கட்டுவாங்க, கம்பிக்கு எது பன்னி எது சிறுத்தைன்னு தெரியாது. 2020 மே மாசம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்துல கருஞ்சிறுத்தை மாட்டுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். கழுத்துல கம்பியோட கெடந்துச்சு, உடவளவைக்குக் கொண்டுபோயி வைத்தியம் பாத்தாங்க, சில நாள்லயே செத்துப்போச்சு. அதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடிதான் இலங்கையில கருஞ்சிறுத்தை இன்னும் உசுரோட இருக்குன்னு வனஜீவராசிகள் திணைக்களம் கேமராவுல எடுத்த வீடியோவ எல்லாரும் ஷேர் பண்ணிக்கிட்டு இருந்தோம். மரக்கறித் தோட்டத்த பன்னி ஒரே ராத்திரியில உழுதுட்டுப் போனா அந்தக் குடும்பம் என்னா பண்ணும்னும் எனக்குத் தெரியும், அதனால கட்டுறவன திட்டுறதோட கதை முடியாது. ஆனா மாட்டுனத பாத்தா கிட்ட போகாம 1992க்கு ஒரு கோல் எடுங்க, வனஜீவராசிக்காரங்க நம்பர் அது.

இனி கொஞ்சம் கறாரா ஒரு விசயம். கேமராவுல விழுற பெரிய மிருகம் மனுசன்தான், அதுலயும் விறகு பொறுக்கப் போற பொம்பளைங்க. எங்க கேமராவுலயும் வந்துச்சு, தலையில விறகுக் கட்டோட, சீலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு. அவங்க யாரும் போட்டோ எடுன்னு சொல்லல. இந்தியாவுல கார்பெட் புலிகள் சரணாலயத்துப் பக்கம் ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் 14 மாசம் இருந்து 270 பேர்கிட்ட கதைச்சு எழுதுன ஆய்வு 2024ல வந்துச்சு, படிச்சா வயிறு எரியும். காட்டுக்குள்ள ஒதுங்குன ஒரு பொண்ணோட படத்த எடுத்து ஊர் முழுக்க அனுப்பிருக்காங்க. கேமரா இருக்குன்னு பயந்து பொம்பளைங்க காட்டுல பாட்டுப் பாடுறத, சத்தமா பேசுறத கொறச்சுட்டாங்க, அந்தச் சத்தந்தான் புலிய தூரத்துல வச்சிருந்தது. ஊர்க்காரங்க கேமராவ ஒடச்சு எரிச்சதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

அதனால எங்க குரூப்ல நான் கேட்டது ரெண்டுதான். தண்ணி புடிக்குற, குளிக்குற பீலிப் பக்கமும் பொம்பளைங்க ஒதுங்குற பக்கமும் கேமரா கூடாது. மத்த எடத்துல தமிழ்லயும் சிங்களத்துலயும் போர்டு இருக்கணும், யாரு வச்சது, எதுக்கு, யாருக்கு ஃபோன் பண்ணலாம்னு. கார்டு வந்ததும் ஆளுங்க இருக்கிற படத்த நானும் ஒரு டீச்சரும் மொதல்ல எடுத்துருவோம், அதுக்கப்பறந்தான் மத்தவங்களுக்குப் போகும். தம்பி மொதல்ல இது வேலைய இழுத்தடிக்கும்னான். இழுக்கட்டும்னு சொன்னேன். போர்டு வச்சதுக்கப்பறம் கேமராவுக்கு முன்னாடி நின்னு போஸ் குடுக்குற பொடியன்க படம் கூடிப்போச்சு, அத வேணும்னா பிரச்சனைன்னு சொல்லலாம்.

"இதெல்லாம் ஏஐ பாத்துராதா"ன்னு கேக்குறாங்க. கொஞ்சம் பாக்குது. மெகாடிடெக்டர்னு ஒண்ணு இருக்கு, படத்துல மிருகம், ஆளு, வாகனம் இதுல எது இருக்குன்னு பிரிச்சுத் தரும், ஆளுங்க படத்த ஒதுக்க எங்களுக்கே அது பெரிய ஒத்தாசை. என்னா வகைன்னு சொல்ற மாடலும் இருக்கு, 2018லயே செரங்கெட்டி படங்கள வச்சு 48 வகைய நூத்துக்கு 93க்கு மேல சரியா சொல்ற மாதிரி பழக்கிட்டாங்க, கூகுள்காரங்களோடதும் 2025ல எல்லாருக்கும் தொறந்து விட்டாச்சு. ஆனா கவனிங்க, அந்தச் செரங்கெட்டி மாடல பழக்குனதே அந்த 28,000 பேரு அமுக்குன பதில வச்சுத்தான். அதோட, பழகாத எடத்துப் படம் வந்தா இந்த மாடல்கள் தடுமாறும், புதுப் பின்னணி, புது வெளிச்சம், மிஸ்ட். நம்ம மலைப் படம் இதுகளுக்கு எவ்வளவு காட்டிருப்பாங்கன்னு யோசிங்க. நம்ம மாமா சொன்ன பதில் நாளைக்கு ஒரு மாடலுக்குள்ள போகும், அதுல அவரு பேரு இருக்காதுங்கறது வேற விசயம்.

சேர நெனைக்கிறவங்களுக்கு. வெளிநாட்டுப் படத்துல பழகணும்னா ஸூனிவர்ஸ் போங்க, இலவசம், ஃபோன்லயே செய்யலாம், படத்துக்கு டேட்டா இழுக்கும், ரீலோட் போட்ட அன்னைக்கு ராத்திரியே தீந்துரும், வைஃபை இருக்கிற எடத்துல செய்ங்க. அங்க இங்கிலீஷ்தான், ஆனா பட்டியல்ல படம் இருக்கும், வாசிக்காமலே அமுக்கலாம், எங்கம்மா அப்புடித்தான் ரக்கூனையும் ஒப்பாசத்தையும் பிரிக்குறாங்க. நம்ம பக்கத்துப் படத்துக்கு, தம்பி தமிழ்ல பேரு போட்டு ஒரு பக்கத்துல எல்லா மிருகத்தோட வாலையும் வரிசையா வச்சு ஒரு சார்ட் செஞ்சிருக்கான், மாமா யோசனை அது, மூஞ்சி வேணாம் வாலு போடுன்னு. தோட்டத்துல இருக்கிறவங்களா, ராவுல வேல பாத்தவங்களா இருந்தா கட்டாயம் சொல்லுங்க, புள்ளைங்களவிட நீங்கதான் வேணும். நாயி படம் நெறைய வரும், அலுக்கக்கூடாது. பூனை படத்துக்கு மட்டும் எனக்கு எழுதாதீங்க, நேரா மாமாகிட்ட போங்க, அவரு எப்புடியும் ஸ்டோரு பூனைன்னுதான் சொல்லுவாரு.